மெருகு வேறு, மெழுகு வேறு!

வீட்டு வாசலிலேயே காரைக் கழுவிப் பளபளக்கச் செய்வது எப்படி?

விக்ரோலி கன்னம்வார் நகரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் முன்னால் ஒருவர் வேலையைத் தொடங்கியிருப்பார். கையில் ஒரு வாளி. தோளில் ஒரு துணி. வரிசையாக நிற்கும் கார்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போவார். எட்டு மணிக்குள் இருபது கார், இருபத்தைந்து கார்!

முதல் காரைத் துடைக்கும்போது வாளித் தண்ணீர் தெளிவாக இருக்கும். பத்தாவது காருக்கு அது டீ நிறமாகிவிடும். இருபதாவது காருக்கு வரும்போது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கார் அந்த வரிசையில் பதினேழாவது.

பதினெட்டு ஆண்டுகள் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய் வந்த பிறகு வாங்கிய கார் அது. யாரோ ஓட்டிய பழைய கார்தான். ஆனாலும் எங்கள் குடும்பத்துக்கு அதுதான் முதல் கார். கருநீல நிறம். வாங்கிய அன்று பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்தது. கடன் தவணை முடிந்த அன்று, நல்ல வெயிலில் அதைச் சுற்றி வந்து பார்த்தேன். பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியது போல் மெல்லிய கோடுகள்! தவணை முடிந்தது, பளபளப்பும் முடிந்தது.

விடுவேனா? கடைக்கு ஓடினேன். 'ரப்பிங் கம்பவுண்ட்' ஒரு டப்பா வாங்கி வந்தேன். நடுப்பகல் வெயிலில், பழைய வேட்டித் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வெண்மையாகப் பூத்ததே தவிர, பளபளப்பு வரவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிடத்து அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கார் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"என்ன தம்பி, ஈயப் பானையா விளக்குதீய?" என்றார்.

"கறை போக மாட்டேங்குது அண்ணாச்சி."

"துணியை முதல்ல கீழ போடுங்க. இது கறை இல்ல, கீறல். தினமும் துடைச்சுத் துடைச்சே வந்த கீறல். நீங்க இப்ப அதைத் தேச்சு எடுக்குறதா நெனச்சு, பெயிண்ட்டையே எடுத்துக்கிட்டு இருக்கீய!"

அவர் சொன்னது உண்மைதான். பானெட்டின் இடது ஓரத்தில், மடிப்பு வளையும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு வெளிறிப் போயிருந்தது. அந்தத் திட்டு இன்றும் இருக்கிறது. அதற்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

அந்த ஒரு திட்டு எனக்குக் கற்றுக் கொடுத்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் வைத்திருக்கும் நம்மவர்கள் யாரும் என்னைப் போல் ஏமாறக் கூடாது அல்லவா?

தலைமுடிக்கும் மெல்லிய கவசம்

இரும்பின் மேல் பெயிண்ட் எப்படி நிற்கிறது என்பது விக்ரோலிக்காரர்களுக்குப் புதிய விஷயமல்ல. 1943-ல் பிரோஜ்ஷா கோத்ரேஜ் இங்கே நிலம் வாங்கினார். பிறகு தொழிற்சாலைகள் எழுந்தன. பீரோ, பூட்டு, டைப்ரைட்டர், குளிர்பதனப் பெட்டி என்று எத்தனையோ பொருட்கள் இந்த மண்ணிலிருந்து போயின. பாட்டியின் கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ, பேத்தியின் கல்யாணத்தின்போதும் நிறம் மங்காமல் நிற்பதை நாம் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

ஆனால் பீரோ வீட்டுக்குள் நிற்கிறது. அதை யாரும் தினமும் மண்ணை வைத்துத் துடைப்பதில்லை!

காரின் இரும்புத் தகட்டை முதலில் பாஸ்பேட் கரைசலில் குளிப்பாட்டுவார்கள். பிறகு பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி அடிப்பூச்சு ஏற்றுவார்கள். துருவைத் தடுப்பது இதுதான். அதன் மேல் ஓர் இடைப்பூச்சு. அதற்கு மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறமே இல்லாத கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இதை 'கிளியர் கோட்' என்கிறார்கள். நாம் பளபளப்பு என்று சொல்வது இந்தக் கடைசிப் பூச்சைத்தான்.

இத்தனை பூச்சுகளும் சேர்ந்து எவ்வளவு கனம் இருக்கும்? பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுதான் மைக்ரான். கண்ணாடிப் பூச்சு மட்டும் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை இருந்தபோது, அங்கிருந்து வந்த பியட் கார்களில் இந்தக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. நிறப் பூச்சே மேல் பூச்சு. பாலிஷ் போட்டால் துணியில் நிறம் ஒட்டிக்கொள்ளும். 'பத்மினி' என்ற பெயரில் மும்பைத் தெருக்களை ஆண்ட அந்த டாக்சிகளில் கடைசி வண்டியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. அந்த டாக்சிக்காரர்கள் செய்தது போலவே இன்றைய காரையும் தேய்த்தால், துணியில் நிறம் ஒட்டாது. அதனால் 'ஒன்றும் போகவில்லை' என்று நினைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருப்போம். கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடிப் பூச்சு போய்க்கொண்டே இருக்கும். நான் செய்த தவறு இதுதான். மடிப்புகளிலும் ஓரங்களிலும் பூச்சு இன்னும் சீக்கிரம் தேய்ந்துவிடும். என் காரில் முதலில் வெளிறியதும் ஓரம்தான்.

பெயிண்ட்டின் எதிரிகள்

விக்ரோலியில் நிற்கும் காருக்கு எதிரிகள் அதிகம்.

கிழக்கே தாணே கழிமுகம். கரையெங்கும் அலையாத்திக் காடு. அங்கிருந்து வரும் உப்புக் காற்று ஈரத்தோடு படியும். மேற்கே எல்.பி.எஸ். மார்க்கில் 2018-ல் மெட்ரோ ரயில் வேலை தொடங்கிய பிறகு சிமெண்ட் தூசியும் சேர்ந்துகொண்டது. சிமெண்ட் தூசியில் பனித்துளி பட்டால் அது அப்படியே பிடித்துக்கொள்ளும். கிழக்கு விரைவுச் சாலையின் லாரிப் புகை வேறு.

மரத்தடியில் நிறுத்தினால் பிசின் சொட்டுகிறது. காகமும் புறாவும் எச்சமிடுகின்றன. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடாக இருக்கும் பூச்சின் மேல் அது ஒரு பகல் இருந்தால் போதும், தடம் விழுந்துவிடும். எச்சத்தைக் கண்டால் நகத்தாலோ காய்ந்த துணியாலோ சுரண்டாதீர்கள். ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியதும் அப்படியே வாரி எடுத்துவிடுங்கள்.

இத்தனை எதிரிகளையும்விட அதிகமாகக் கீறுவது நம்முடைய துணிதான். தூசி என்று நாம் சொல்வதில் பாதி நுண்மணல். அதன் மேல் காய்ந்த துணியையோ அழுக்குத் துணியையோ வைத்து அழுத்தினால், உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். வட்ட வட்டமாகத் துடைத்தால் வட்ட வட்டமாகக் கீறல்! தூசி சும்மா இருந்தால் அதிகக் கெடுதல் செய்யாது. தேய்த்தால்தான் கீறும். எனவே தினமும் துடைக்கிற காரைவிட, வாரம் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற கார் நீண்ட நாள் பளபளக்கும்.

மும்பையில் தண்ணீருக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. நம் மாநகரம் ஏழு ஏரிகளை நம்பி வாழ்கிறது. 2024 கோடையில் ஏரிகள் வற்றிப்போனபோது, ஜூன் 5 முதல் 10 சதவீதம் தண்ணீர் வெட்டு வந்ததை நாம் மறக்கவில்லை. குழாய் போட்டுக் காரைக் கழுவாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள் என்று மாநகராட்சி கேட்டுக்கொண்டது.

ரப்பர் குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். பதினைந்து நிமிடம் கழுவினால் 150 லிட்டர்! பக்கத்து வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது இது பெரிய தவறு. ஆனால் மணல் படிந்த காரை ஈரத் துணியால் நேரே துடைத்தாலும் கீறல்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. மூன்று வாளித் தண்ணீரில், அதாவது 40 லிட்டருக்குள், ஒரு காரை ஒழுங்காகக் கழுவிவிடலாம். தண்ணீர் வெட்டுக் காலத்தில் செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்ப் ஒன்று இருந்தால் இன்னும் குறைவாகவே போதும். தூசி நன்றாக நனையும்படி அடித்துவிட்டுப் பிறகு துணியை வைத்தால் கீறல் மிகவும் குறையும்.

இன்னொரு உபாயமும் இருக்கிறது. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேர்த்து வையுங்கள். அது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வடிந்தது. உப்புகள் மிகக் குறைவு. துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்தினால், காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளிகள் விழாது. அண்ணாச்சி சொன்ன இந்த யோசனையை என் மனைவி உடனே ஒப்புக்கொண்டாள். மற்ற யோசனைகளுக்கு அவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைக்கவில்லை!

கழுவும் முறை

காலை எட்டு மணிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். நிழல் வேண்டும். பானெட் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடான தகட்டில் சோப்பு காய்ந்து தடம் விழும்.

முதல் வாளியில் சுத்தத் தண்ணீர். மக்கால் மொண்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கி ஊற்றுங்கள். துணி வேண்டாம், கையும் வேண்டாம். தண்ணீர் மட்டுமே இறங்கட்டும். மணலில் பெரும் பகுதி இதிலேயே போய்விடும். கடைசி அலசலுக்குப் பாதி வாளி மீதம் வையுங்கள்.

இரண்டாவது வாளி சோப்பு வாளி. பாதி வாளித் தண்ணீரில் கார் ஷாம்பு ஒரு மூடி போதும். துணி துவைக்கும் பவுடரும், பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம். அவை எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது போலவே காரின் மேல் இருக்கும் மெழுகையும் எடுத்துவிடும்.

மூன்றாவது வாளி அலசு வாளி. வெறும் தண்ணீர். இதுதான் முக்கியம். சோப்பில் நனைத்த மைக்ரோபைபர் துணியால் ஒரு கதவைத் துடைத்ததும், அதை அலசு வாளியில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடி சோப்பு வாளியில் விட வேண்டும். மண் அலசு வாளியிலேயே தங்கிவிடும். வேலை முடிந்ததும் அந்த வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே கிடக்கும் மணலெல்லாம் உங்கள் பானெட்டில் உருண்டிருக்க வேண்டியது!

கூரை, கண்ணாடி, பானெட், கதவுகள், கடைசியில் கீழ்ப் பகுதி என்ற வரிசையில் வாருங்கள். நேர்கோட்டில், அழுத்தாமல் துடையுங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கே படிந்திருக்கும். சக்கரம் துடைத்த துணி ஒரு நாளும் பானெட்டுக்கு ஏறக் கூடாது. துணி தரையில் விழுந்தால், அலசாமல் மறுபடி எடுக்கக் கூடாது.

அலசியதும் தானாகக் காயட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பெரிய மைக்ரோபைபர் துண்டு ஒன்றை விரித்துப் போட்டு, ஒற்றி எடுங்கள். குழந்தையின் தலையைத் துவட்டுவது போல் வேகமாகத் தேய்க்க வேண்டாம்.

மெருகும் மெழுகும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கடையில் பாலிஷ் டப்பாவும் வாக்ஸ் டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். தமிழிலும் மெருகு, மெழுகு என்று ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் வேலை நேர் எதிர்!

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிறோம். மேலே கறுத்திருந்த ஒரு மெல்லிய படலம் போய், உள்ளே இருந்த பித்தளை மின்னுகிறது. மெருகு, அதாவது பாலிஷ், அப்படிப்பட்டது. அது ஒன்றையும் சேர்ப்பதில்லை, எடுக்கிறது. நுண்ணிய தூள்களால் மேல் பூச்சைக் கொஞ்சம் சீவி, கீறலின் மேடுபள்ளத்தைச் சமன் செய்கிறது.

தோசைக் கல்லில் எண்ணெய் தடவி வைக்கிறோம். அது கல்லின் மேல் ஒரு படலமாக நின்று துருப்பிடிக்காமல் காக்கிறது. மெழுகு, அதாவது வாக்ஸ், அப்படிப்பட்டது. அது எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு கவசம் கொடுக்கிறது.

ஆகவே பாலிஷ் அடிக்கடி போடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அதுவும் தேவைப்பட்டால் மட்டுமே. வாக்ஸ் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம்.

கீறலின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது ஆழமான கீறல். பாலிஷால் போகாது. போக்குகிறேன் என்று தேய்த்தால் பூச்சுதான் போகும். நகம் தடுக்காத மேலோட்டமான கோடுகளுக்கு மட்டுமே பாலிஷ். ரப்பிங் கம்பவுண்ட் கரடுமுரடான சரக்கு. வீட்டில் செய்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மிக நைசான பாலிஷைக் கொஞ்சமாக எடுத்து, ஒரு முழம் அளவு இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். திருப்தியாக இருந்தால் அடுத்த இடத்துக்குப் போங்கள். மடிப்புகளிலும் ஓரங்களிலும் கை வைக்காதீர்கள்.

வாக்ஸ் போடுவதற்கு முன், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிக்கொண்டு கழுவிய பானெட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால், கழுவியும் போகாத இரும்புத் தூளும் தாரும் பிசினும் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். இதற்கென்றே பிசைந்த மாவு போல ஒரு களிமண் கட்டி கடைகளில் கிடைக்கிறது. ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து, கட்டியை மேலே மெதுவாக ஓட்டினால் அழுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். கட்டி கீழே விழுந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

வாக்ஸ் போடுவதில் எல்லோரும் செய்யும் தவறு, அதிகமாகப் பூசுவது. தோசைக் கல்லில் வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்போமே, அந்த அளவுதான். மெல்லிய ஸ்பாஞ்சில் எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவுங்கள். சில நிமிடங்களில் மங்கலாகப் பூக்கும். விரலால் தொட்டு இழுத்தால் சுத்தமாக வரவேண்டும். அப்போது சுத்தமான மைக்ரோபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளையாகத் தங்கிவிடும், கவனம்.

நம்ம பனைக்கு ஒன்றுவிட்ட தம்பி!

கார் மெழுகில் பேர் பெற்றது கார்னோபா. இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? தென் அமெரிக்காவில், பிரேசில் நாட்டின் வடகிழக்கு வறண்ட பூமியில் வளரும் ஒரு வகைப் பனை மரத்தின் ஓலையிலிருந்து! வெயிலில் ஈரம் போகாமல் இருக்க அந்த மரம் தன் ஓலையின் மேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி, அந்த மெழுகை எடுக்கிறார்கள். 80 டிகிரிக்கு மேல் சூடானால்தான் உருகும். அதனால்தான் வெயிலில் கொதிக்கும் பானெட்டிலும் நிற்கிறது.

நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பனை மரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வறண்ட மண்ணில் நின்று மனிதனுக்கு உதவுவது பனைக் குடும்பத்தின் வழக்கம்தானே?

நம் வெயிலிலும் மழையிலும் இந்த மெழுகு இரண்டு மூன்று மாதம் தாங்கும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதா? மெழுகு இருக்கிறது. பாய் விரித்தது போல் பரவி நிற்கிறதா? மெழுகு போய்விட்டது. மே மாதக் கடைசியில், மழைக்கு முன் ஒரு முறை. மழை ஓய்ந்து ஆயுத பூஜையை ஒட்டி ஒரு முறை. இந்த இரண்டையும் தவறவிடாதீர்கள்.

ஆயுத பூஜை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காருக்குப் பொட்டு வைக்காமல் நமக்கு மனம் கேட்காது. ஆனால் குழைத்த சந்தனமும் குங்குமமும் வாரக்கணக்கில் காய்ந்து கிடந்தால் பெயிண்ட்டில் கறை தங்கும். பொட்டைக் கண்ணாடியின் ஓரத்தில் வையுங்கள். சாமி கோபிக்காது.

வேண்டவே வேண்டாம்

டீசல், மண்ணெண்ணெய் துடைப்பு: அந்த நிமிடம் மின்னும். மறுநாள் எல்லாத் தூசியும் அதிலேயே ஒட்டும்.

பற்பசை: அதிலும் தேய்க்கும் தூள் இருக்கிறது. கீறலை மறைக்கப் போய் மங்கலாக்கிவிடும்.

பழைய பனியன், வேட்டி: தையலும் மடிப்பும் கீறும்.

ஈரமான காரின் மேல் உறை போடுவதும், தூசி படிந்த காரின் மேல் உறை போடுவதும்: காற்றில் உறை அசையும்போதெல்லாம் உப்புத்தாள் வேலைதான்.

அந்த வாளிக்காரர்

கீறலுக்குக் காரணம் தெரிந்ததும், "அந்த ஆளை நிறுத்திவிடு" என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய். அதை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருக்கிறது. நாமும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள்தானே? ஒரே துணியும் ஒரே வாளியும் அவர் விருப்பப்பட்டு வைத்திருப்பதல்ல. அவரிடம் இருப்பது அவ்வளவுதான்.

ஆறு மைக்ரோபைபர் துணியும் ஒரு வாளியும் வாங்கிக் கொடுத்தேன். "தினமும் துடைக்க வேண்டாம். வாரம் ஒரு நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். சம்பளம் அதேதான்" என்றேன். முதலில் அவர் நம்பவில்லை. வேலையைக் குறைத்து, பிறகு சம்பளத்தையும் குறைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கலாம். அந்த மாதச் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் சிரித்தார்.

இப்போது எங்கள் வரிசையில் நான்கு கார்களுக்கு இரண்டு வாளி முறைதான். துணிகளை அவரே அலசி, மதில் மேல் காயப் போட்டுவிட்டுப் போகிறார். மெழுகு பூசுவது மட்டும் என் வேலை. போன மே மாதம் நான் பானெட்டில் ஸ்பாஞ்சை வைத்தபோது, இடது ஓரத்து வெளிறிய திட்டைச் சுட்டிக்காட்டி, "இது என்ன சாப், நான் செய்ததா?" என்று கேட்டார்.

"இல்லை, அது நான் செய்தது" என்றேன்.